தண்ணீர் ஊற்றாத தரை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது இரண்டு, வளர்த்தது மூன்று. பெற்றவை இரண்டும் பெண்கள். மூன்றாவது ஏழுமலை, என் தங்கை மகன். தங்கை இறந்து போனபோது அவனுக்கு ஐந்து வயது. தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் மடியில் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன். இதில் அவனைப் பற்றி நிறைய வரும். ஆனால் இதைச் சொல்வது உங்களுக்குத்தான், உப்பளத்து மைதான வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கு.

போன வாரம் சாரத்துக்கு என்னைப் பார்க்க வந்தீர்கள். "எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டீர்கள். நான் மூன்றாவது வரை படித்தவள். கையெழுத்துப் போட்டால் கோணாமல் வரும், அதற்கு மேல் வராது. பேத்தி பவித்ரா எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் திருத்துவாள், காலேஜ் படிக்கிறவள்.

கோடு எப்படிப் போடுவது, குழாயை எந்தப் பக்கமிருந்து இழுப்பது, வலையை எப்படிக் கட்டுவது, இதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நாலு வாரத்தில் கை தானாகப் பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. ஒருவர் உங்கள் எதிரில் வந்து நின்று தரையைப் பற்றிக் கேட்பார். அப்போது என்ன சொல்வது என்பது கைக்குப் பழகாது. அங்கே வேலை பார்த்த இருபத்தாறு வருடத்தில் எனக்கே இரண்டு தடவைதான் அந்தச் சோதனை வந்தது. ஒன்றில் தோற்றேன். இன்னொன்றில் தோற்றேனா ஜெயித்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

முதலாவது, நான் சேர்ந்த வருடம். அப்போது எங்களுக்குத் தலைமையாக இருந்தவரை எல்லோரும் சொல்தா என்றே கூப்பிடுவார்கள். வாலிபத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குப்பை கூட்டுகிற நாளிலும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் வருவார். ஒருநாள் ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் கோடு போடுகிற வெள்ளைத் தூள் தீர்ந்துவிட்டது. சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பு ஒரு மூட்டை கிடந்தது. வெள்ளைதானே என்று அதை அள்ளிக் கோடு போட்டுவிட்டேன். ஓரத்தில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆட்டக்காரர் தலை நிமிராமல் கேட்டார்.

"இது எரியுமாக்கா?"

"எரியாது தம்பி."

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் புதுசு என்று நினைப்பார்களே என்ற வெட்கம். அந்தப் பிள்ளை கோட்டின் மேல் வழுக்கி விழுந்தான். வேர்வையோடு சுண்ணாம்பு சேர்ந்து தொடை முழுக்கப் பொத்துவிட்டது. சொல்தாதான் குழாயடியில் உட்கார வைத்து வெகுநேரம் தண்ணீர் விட்டுக் கழுவினார். மேலிடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தெரியலன்னு சொல்லியிருந்தா அவன் அந்தப் பக்கம் வுழாம ஆடியிருப்பான். ஆட்டக்காரன் கண்ணு பந்து மேல இருக்கும். தரைய அவன் நம்ம கண்ணாலதான் பாக்குறான். கேட்டா உள்ளத சொல்லு. கேக்குறவன் யாருன்னு பாக்காத."

அன்றிலிருந்து அந்தத் தரையைப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே பாடம் அதுதான். எந்த மூலையில் தண்ணீர் இரண்டு நாள் நிற்கும், சனம் உட்காருகிற காலரியின் நிழல் எத்தனை மணிக்கு எந்தக் கோட்டைத் தொடும், மழைக்குப் பிறகு எந்த இடத்தில் பழைய செங்கல் துண்டு மேலே வரும், எல்லாம் எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தத் தரையை என்னைவிடத் தெரிந்தவர் அன்று யாரும் இல்லை.

இரண்டாவது, சுனாமி வந்ததற்கு அடுத்த ஆடி மாதம்.

அந்தக் காலத்தில் நம் மைதானத்தில் வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஹாக்கிப் போட்டி நடக்கும். எட்டு அணி. தோற்றால் அன்றே பெட்டி கட்ட வேண்டியதுதான். வருகிறவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். அவர்களுக்கு ஆட்டமே உத்தியோகம். அந்த வருடம் ஓர் அணி கடைசி நேரத்தில் வரவில்லை. கணக்குக்கு எட்டு வேண்டுமே என்று தவளக்குப்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பேருக்கு ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் ஆட்டம் உத்தியோகம் இல்லை. கேப்டன் பலராமன் கொத்தனார். ஒருவர் பால் ஊற்றுகிறவர், இரண்டு பேர் பெயிண்டர். எங்கள் ஏழுமலை என்னிடம் வளர்ந்தாலும் பிறந்த ஊர்ப் பிள்ளைகளோடுதான் ஆடுவான். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற வேலை செய்தான், கோல் கீப்பர் அவன்தான். வேர்க்கடலை பிடுங்கிய கொல்லையில் கட்டியும் குழியுமாக இருக்கிற தரையில் ஆடிப் பழகியவர்கள். ஏழுமலையின் கால் பேடு பழசு. வார் அறுந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருப்பான்.

அவனுக்கு அந்த வருடம் இருபத்தேழு. வெளியூர் அரசுத் துறை ஒன்றில் ஹாக்கி ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுப்பார்கள். ஆள் பார்க்க வருகிறவர்கள் இறுதி ஆட்டத்துக்கு மட்டும்தான் வந்து உட்காருவார்கள். இருபத்தேழு தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அதனால் இறுதி ஆட்டம் வரை போனால் உண்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஐஸ் பாளம்தான். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்ல மாட்டோம்.

முதல் ஆட்டம் ஒரு பேங்க் அணியோடு. வழக்கப்படி மதியம் ஒரு மணிக்குப் புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தேன். மூன்று மணிக்குத் தூறல் போட்டது. வானத்தைப் பார்க்காமல் ஊற்றியது என் தப்பு. தரை சொதசொதவென்று ஆகிவிட்டது. பேங்க் ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று தடவை வழுக்கினார்கள். நம் பிள்ளைகள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டார்கள்.

ஊரே சிரித்தது. மறுநாள் டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்.

"ஜெயிச்சது பசங்க இல்லப்பா, தண்ணி. கொழாய் புடிக்கிறது யாரு? கோல் கீப்பரோட பெரிம்மா."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் செய்த தப்பு ஒன்று, ஊர் என் மேல் போட்ட பழி வேறொன்று. இதைப் போய் யாரிடம் விளக்குவது?

அடுத்தது அரையிறுதி. எதிரில் பம்பாய் அணி. முந்தின வருடம் கோப்பையை எடுத்துப் போனவர்கள். பச்சைக் கம்பளம் மாதிரித் தரையில் தினமும் ஆடுகிறவர்கள். அவர்கள் தட்டுகிற பந்து நூல் பிடித்த மாதிரிப் போகும்.

அன்று காலையில் பலராமனும் ஏழுமலையும் மோட்டார் ரூமுக்கு வந்தார்கள்.

"யக்கா, இன்னைக்கும் ரெண்டு டிரம்மு சேத்து வுடு. வழுக்கி வுழட்டும்" என்றான் பலராமன்.

"அன்னைக்கு வழுக்குனது மழையாலடா. செவுத்துக்கு எவ்ளோ தண்ணி வுடணும்னு நான் உனக்கு சொல்றனா?"

"செவுரு கோல் போடாது யக்கா."

ஏழுமலை சிரித்தான். பிறகு பேடைக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "காஞ்ச தரையா இருந்தா எனக்கு நல்லது பெரிம்மா. எகிர்ற பந்து எனக்குப் பழக்கம். அவங்களுக்கு இல்ல."

"தெரியும்டா" என்றேன்.

தெரியும். பலராமனுக்குத் தெரியாதது ஏழுமலைக்கும் எனக்கும் தெரியும். அளவாகத் தண்ணீர் தெளித்தால் தரை படியும், பந்து நேராக ஓடும், பம்பாய்க்காரர்கள் தங்கள் ஊர்த் தரையில் ஆடுகிற மாதிரி ஆடுவார்கள். தெளிக்காமல் விட்டால் ஆடிக் காற்றில் மண் பறந்து கல்லும் பொடியும் மேலே வரும். பந்து எங்கே எகிறும் என்று அடித்தவருக்கே தெரியாது. ஆனால் தெளிப்பதுதான் வழக்கம், தெளிப்பதுதான் என் வேலை. ஒரு மணிக்கு நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு குழாயைப் பிரித்தேன்.

அப்போது பம்பாய் அணியின் கோச் வந்தார். கூடவே போட்டி நடத்துகிற செயலாளர். கோச் நம்ம பக்கத்துக்காரர், திருச்சியில் பிறந்து பம்பாயில் வேலை பார்க்கிறவர். மரியாதையான மனிதர்.

"அம்மா, இன்னைக்குத் தண்ணி விட வேணாம்" என்றார். "அன்னைக்கு பேங்க் டீம் வழுக்கினத நான் பார்த்தேன்."

செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "விருந்தாளி சொல்றபடி செஞ்சிடும்மா. நமக்கு ஏன் கெட்ட பேரு?"

நான் குழாயைக் கீழே போட்டிருக்கலாம். சரி சார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சொன்னார், நான் செய்தேன், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் போகாமல் நின்று, தரையைக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இந்தத் தரைக்கு எது நல்லது?"

கேட்டுவிட்டார்.

குழாய் வாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏழுமலையின் உள்ளங்கை எனக்கு ஞாபகம் வந்தது, ஐஸ் பிடித்துப் பிடித்து வெளிறிப் போன கை. வாயை மூடு என்று மனசு சொன்னது. தெரியல சார் என்றாவது சொல்லு என்றது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ஒரு பிள்ளையின் தொடை வெந்தது. தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னால் மட்டும் அது வேறாகிவிடுமா?

"தண்ணி வுட்டாதான் சார் உங்களுக்கு நல்லது" என்றேன். "அன்னைக்கு வழுக்குனது தூறலால. அளவா தெளிச்சா பந்து படிஞ்சு ஓடும். காஞ்சு கெடந்தா எகிறும். உங்க பசங்களுக்கு அது பழக்கமில்ல. எங்க பசங்க இத வுட மோசமான தரையில ஆடுறவங்க."

அவர் தரையை இன்னொரு தடவை காலால் தேய்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"கோல் கீப்பர் உங்க பையன்னு சொன்னாங்க."

"ஆமா சார். தங்கச்சி புள்ள. வளத்தது நான்."

"அப்புறம் எப்படிம்மா நான் உங்க பேச்சைக் கேக்குறது? நீங்களே என் இடத்துல இருந்தா கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன் சார்."

"ஒரு சொட்டு வேணாம்" என்றார். போய்விட்டார்கள்.

உங்களிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். அவர் நம்பாமல் திரும்பி நடந்தபோது என் வயிறு குளிர்ந்தது. உண்மையையும் சொல்லியாயிற்று, பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. அந்தக் குளிர்ச்சிக்காகப் பிறகு நான் வெட்கப்பட்டேன். ஆனாலும் வயிறு குளிர்ந்தது குளிர்ந்ததுதான். குழாயைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

ஆட்டத்தை மோட்டார் ரூம் வாசலில் நின்று பார்த்தேன். அப்படி ஒரு ஆட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பம்பாய்ப் பிள்ளைகள் பந்தை நிறுத்த மட்டையைத் தரையோடு வைப்பார்கள், பந்து மட்டைக்கு மேல் தாவிப் போய்விடும். மட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நம் பிள்ளைகளோ மட்டையைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, எங்கே எகிறினாலும் வா என்கிற மாதிரி நின்றார்கள். புழுதியில் பாதி நேரம் யார் எந்த அணி என்றே தெரியவில்லை. காலரியில் ஒரு கிழவர் எழுந்து நின்று, "பம்பாயி, கொல்லையில கடல பொறுக்க வந்தியா?" என்று கத்தினார். சனம் சிரித்துச் சரிந்தது.

ஆனால் அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டாம் பாதியில் தரையை நம்பாமல் பந்தைத் தூக்கி அடிக்க ஆரம்பித்தார்கள். ஏழுமலை நாலு பந்தைத் தடுத்தான். ஒன்றைக் காலால், ஒன்றைத் தோளால், மற்ற இரண்டை எப்படித் தடுத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. முடியப் போகிற நேரத்தில் பலராமன் கண்ணை மூடிக்கொண்டு அடித்த மாதிரி ஒன்றை அடித்தான். அது அவர்கள் கீப்பர் காலடியில் ஒரு பொடிக்கல்லில் பட்டு எகிறி உள்ளே போய்விட்டது. அந்தக் கல் இருந்த இடம் எனக்குத் தெரியும்.

கடைசி நிமிடத்தில் பம்பாய்க்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. எங்கள் அணியில் ஐந்து பேர் கோலுக்குள் நின்றார்கள். அடித்த பந்து ஏழுமலையை நோக்கித் தாழ்வாக வந்தது. நடுவில் தரையில் பட்டு முகத்துக்கு ஏறியது. அவன் தலையை நகர்த்தவே இல்லை. இடது கையை விரித்து முகத்துக்கு முன்னால் வைத்தான், அவ்வளவுதான். பந்து காலடியில் விழுந்தது. பலராமன் அதைத் தெருப் பக்கமாக அடித்துத் துரத்தினான். விசில் ஊதிவிட்டார்கள்.

ஒன்றுக்குப் பூஜ்ஜியம். கொத்தனாரும் பால்காரரும் சேர்ந்து சம்பளக்கார அணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழுமலையைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அவன் மேலேயிருந்து என்னைத் தேடிக் கையைக் காட்டினான். அந்தக் கையை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோச் வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் எதிரில் என்னைக் கும்பிட்டு, "உங்க பெரியம்மா தண்ணி விடச் சொன்னாங்கப்பா. உள்ளத உள்ளபடி சொன்னாங்க. நான்தான் நம்பல" என்றார். என்னைப் பெருமைப்படுத்துகிறோம் என்று நினைத்துச் சொன்னார். பலராமன், "யக்கா, நீ யாரு கட்சி?" என்று கேட்டுச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கழற்றுவதை நிறுத்திவிட்டான்.

நானும் ஏழுமலையும் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. பள்ளிக்கூடம் தாண்டியதும் அவன் கேட்டான்.

"சொன்னியா பெரிம்மா?"

"கேட்டாரு. சொன்னேன்."

"அவரு நம்பியிருந்தா?"

"தண்ணி வுட்டிருப்பேன்."

"இது எனக்குக் கடைசி வருஷம்."

"தெரியும்டா."

அவன் சைக்கிளை நிறுத்தினான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவன் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரிக் கேட்டான்.

"உன் வயித்துல பொறந்த புள்ள கோல்ல நின்னிருந்தா சொல்லியிருப்பியா?"

நான் பேசவில்லை.

பதில் இல்லாமல் இல்லை. சட்டென்று சொல்லியிருப்பேன் என்று ஒரு வார்த்தையைப் போட்டு மூடியிருக்கலாம். ஆனால் அன்று மதியம்தான் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தவள் நான். அவனிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். என் இரண்டு பெண்களையும் ஒவ்வொருத்தியாக அந்தக் கோலில் நிற்க வைத்து மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு நிமிடம் தேவைப்பட்டது. அவன் அந்த ஒரு நிமிடம் நிற்கவில்லை. "சரி பெரிம்மா" என்று சைக்கிளில் ஏறி மிதித்துவிட்டான். என் சும்மா இருப்பையே பதில் என்று எடுத்துக்கொண்டு போனான்.

இறுதி ஆட்டத்தில் மூன்று கோலில் தோற்றார்கள். ஆனால் ஆள் பார்க்க வந்தவர்களுக்கு ஏழுமலையைப் பிடித்துவிட்டது. ஐப்பசியில் உத்தரவு வந்தது, ராய்ப்பூர் பக்கம். ரயில் ஏறும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மரியாதையில் குறை வைக்கிற பிள்ளை இல்லை. அங்கேயே கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள். அதுகளுக்குத் தமிழ் தடுமாறும். என்னை ஆயா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு நாள் இருப்பான். மாதம் ஒரு போன். "நல்லா இருக்கியா பெரிம்மா, மாத்திர சாப்புடுறியா?" நான் நல்லா இருக்கேண்டா என்பேன். அதற்கு மேல் இரண்டு பக்கமும் காற்றுச் சத்தம்தான்.

ஆடி பிறந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு மணி ஆனதும் கால் தானாக வாசலுக்குப் போகும். குழாய் பிரிக்கிற நேரம். அந்தப் புழுதியில் அவன் நிற்பதை இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கும். அவனுக்கு இப்போது நாற்பத்தேழு வயது, அங்கே பேரப்பிள்ளை எடுக்கிற வயது நெருங்குகிறது. நான் தேடுவது இருபத்தேழு வயதுக்காரனை. அவனைத் தவிர வேறு யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். தரையைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள், கேட்கிறவர் நம்பாவிட்டாலும் சொல்லுங்கள். அதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் உங்கள் மனிதர் ஒருவர் கேள்வி கேட்டால், யோசிக்கிறேன், நில்லு என்றாவது சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லவில்லை. வெளியாளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த எனக்கு வீட்டுப் பிள்ளையை நிறுத்தி வைக்கத் தெரியவில்லை.

பதில் எனக்கு அன்று வீடு போய்ச் சேருவதற்குள்ளேயே கிடைத்துவிட்டது. பெரியவள் நின்றிருந்தாலும் சொல்லியிருப்பேன். சின்னவள் நின்றிருந்தாலும் சொல்லியிருப்பேன். அவர் நம்பாமல் போனபோது யார் நின்றிருந்தாலும் என் வயிறு இப்படித்தான் குளிர்ந்திருக்கும். மூன்று பேருக்கும் ஒரே வயிறுதான். வீட்டுக்குப் போனபோது அவன் குளித்துவிட்டு நண்பர்களோடு கிளம்பிக்கொண்டிருந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு நாளைக்கு என்றே ரயில் ஏறிவிட்டான். போனில் சொல்கிற விஷயமா இது என்று நினைத்தே வருடம் ஓடிவிட்டது.

பவித்ரா, எழுதுனது போதும், பேனாவ வை. மொதல்லேருந்து ஒருவாட்டி படிச்சுக் காட்டு. ஏழுமலை மாமா சைக்கிள நிறுத்திக் கேட்டாருன்னு வருதே, அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்து. அதுக்கப்புறம் கடைசியில நான் சொன்ன பதில மெதுவா படி, ரெண்டு தரம் படி. ஞாயித்துக்கெழம அவன் போன் பண்ணுவான். அத நான் பாக்காம அவன்கிட்ட சொல்லணும்.